டிசி திறக்கும் புது டேப்: செலினியம், சைப்ரஸ், பிளேரைட்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீம் எங்களுடையது. இருப்பது கோவை பீளமேட்டில். சாஃப்ட்வேர் பயனருக்கு வேண்டியபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது அக்செப்டன்ஸ் டெஸ்ட். எங்கள் டெஸ்டில் உயிரான இடம் ஒன்று உண்டு. சாயப்பட்டறைக்குத் துணி அனுப்ப டெலிவரி சலான், அதாவது டிசி, போடுவார்கள். ‘பிரிண்ட்’ லிங்க்கை அழுத்தினால் அது புது டேப்பில் திறக்கும். அதில் ரோல் எண்ணிக்கையும் கிலோவும் பிசகினால் வண்டி கேட்டிலேயே நின்றுவிடும்.

இதற்கான டெஸ்டை முதலில் எழுதியது செலினியத்தில். மனிதருக்குப் பதிலாகப் பிரவுசரைத் தானே இயக்கிச் சோதிக்கும், 2004 முதல் இருக்கிற கருவி. ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ரூபி என்று தெரிந்த மொழியில் எழுதலாம். பிரவுசரை இயக்கும் ‘டிரைவர்’ நிரலைத் தேடி இறக்கும் தொல்லையும் 4.6 பதிப்போடு போய்விட்டது. பக்கம் வரும்வரை காத்திருப்பதைத்தான் நாமே சரியாக எழுத வேண்டும். நாங்கள் மூன்று வினாடி ஸ்லீப், அதாவது சும்மா நிற்கும் நேரம், போட்டு வைத்திருந்தோம். சர்வர் மந்தமான நாளெல்லாம் டெஸ்ட் தோற்றுச் சிவப்பாகிவிடும்.

இதே வேலைக்கான இன்னொரு கருவி சைப்ரஸ், பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. ஒவ்வொரு படியிலும் திரை எப்படி இருந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் இரண்டாவது டேப்பை அதனால் நேரடியாகக் கையாள முடியாது. ‘புது டேப்பில் திற’ என்று சொல்லும் லிங்க்கின் டார்கெட்டை நீக்கி அதே டேப்பில் திறக்க வைக்கலாம்தான். அப்புறம் நாம் சோதிப்பது கம்பெனிக்காரர் பார்க்கும் திரையை அல்லவே! இதில் எனக்குச் சமாதானமே ஆகவில்லை.

மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட்டில் டேப் சிக்கல் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘புது டேப் வரும், காத்திரு’ என்பதைக் கிளிக்குக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கிளிக் செய்தபின் சொன்னால், அதற்குள் டேப் திறந்துவிட்டிருக்கும். இனி வராத டேப்புக்காகக் காத்திருந்து டெஸ்ட் தோற்கும். பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று அதுவே பார்த்துத்தான் கிளிக் செய்யும், ஸ்லீப் தேவையில்லை. சஃபாரி பிரவுசரின் அடிப்படை எஞ்சினான வெப்கிட்டிலும் ஓடும் என்பதால், ஐபோனில் டிசி பார்க்கிற முதலாளிகளின் திரையையும் ஓரளவு முன்கூட்டியே பார்த்துவிடலாம். அசல் சஃபாரி அல்ல, அதனால் வெளியிடும் முன் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பிளேரைட்டைத்தான் சொல்வேன். ஒழுங்காக ஓடுகிற செலினியம் டெஸ்டுகளைக் கலைக்க வேண்டாம். எங்கள் லாகின், ஸ்டாக் ரிப்போர்ட் டெஸ்டுகள் இன்றும் செலினியத்தில்தான் ஓடுகின்றன. டிசி தொடர்பானவற்றை மட்டும் மாற்றினோம்.