கொங்கு நாட்டில் கடல்மீன் தொட்டி: அள்ளி வரும் கடல்நீரா, கரைத்துக்கொள்ளும் உப்பா?

கோவையிலோ ஈரோட்டிலோ கடல்மீன் தொட்டி வைக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தண்ணீரைத்தான். கடற்கரையிலிருந்து கேன்களில் கடல்நீரைக் கொண்டுவரலாம், வீட்டுப் போர் தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைக்கலாம், ஆர்.ஓ. வடிகட்டியையும் அதற்கு அடுத்துப் பொருத்திய, எஞ்சிய கரைபொருளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினையும் கடந்துவரும் நீரில் அதே உப்பைக் கரைக்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து 200 லிட்டர் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

கடல்நீருக்கு விலை இல்லை, போக்குவரத்துச் செலவுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் பொன்னானி கோவைக்குப் பெரிய தொலைவும் அல்ல. ஆனால் பாரதப்புழை கடலில் சேரும் இடம் அது. நம் ஆழியாற்று நீரும் அந்த ஆற்றோடுதான் போய்ச் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கரையோரம் அள்ளும் நீரில், லிட்டருக்கு 35 கிராம் என்ற கடலின் உப்பளவை எதிர்பார்க்க முடியாது. மேலும், கேனில் அடைபட்ட மிதவையுயிர்கள் வழியிலேயே மடிந்து அழுகத் தொடங்கினால், தொட்டியில் ஊற்றும்போதே நீரில் அம்மோனியா இருக்கும்.

சைக்ளிங் நடக்கும் தொட்டியில், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்க்கும் தொடக்கக் கட்டத்தில், இது சிறிய குறை அல்ல. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த, பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய உயிர்ப்பாறை என்னும் குறுக்குவழி நமக்கு இல்லை. உலர்ந்த பாறையையும் புட்டியில் வரும் பாக்டீரியாவையும் வைத்துத் தொடங்கி, அம்மோனியம் குளோரைடை அளந்து ஊற்றி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைகிறதா, இடையில் உண்டாகும் நைட்ரைட்டும் அதனுடன் மறைகிறதா என்று பார்ப்பதே நம் முறை. ஊற்றிய அளவு இவ்வளவு என்று தெரிந்தால்தான் டெஸ்ட் கிட் காட்டும் நிறத்துக்குப் பொருள் உண்டு. சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறும்போது, அது நாம் ஊற்றிய அம்மோனியாவா, கேனில் அழுகியதன் மிச்சமா என்று பிரித்தறிய வழியில்லை. பாக்டீரியா வளரவில்லை என்று எண்ணி இன்னொரு புட்டி வாங்குவோர் பலர். கோளாறு தொடக்க நீரிலேயே இருந்திருக்கும்.

போர் தண்ணீரிலும் இதே குழப்பம் நைட்ரேட் வடிவில் வருகிறது. மஞ்சளும் வாழையும் விளையும் நிலத்தடியில் உரத்தின் நைட்ரேட் இறங்கியிருப்பது வியப்பில்லை. நீரில் முன்பே நைட்ரேட் இருந்தால், நைட்ரேட் தெரிகிறது, எனவே சைக்ளிங் நடக்கிறது என்ற கணிப்பு செல்லாது. போதாக்குறைக்கு, நைட்ரைட் உச்சத்தில் இருக்கும் நாள்களில் சாதாரண நைட்ரேட் கிட் அதையும் சேர்த்துக் கூடுதலாகக் காட்டும். அந்த நாள்களில் நைட்ரேட்டைச் சோதிக்காமல் விடுவதே நல்லது.

இருந்தும் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது தொடக்க நாள்கள் அல்ல, அன்றாடம் ஆவியாகும் நீரை ஈடுசெய்வதுதான். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஈடாக ஊற்றுவது உப்பில்லாத நீராகத்தான் இருக்க வேண்டும். கடல்நீரைக் கொண்டுவருபவர்கூட இதற்குக் கடலை நம்ப முடியாது. ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் வீசும்போது ஜன்னலோரத் தொட்டியில் மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டர் தொட்டியில் நூறு நாள்களில் முழுத் தொட்டியளவு நீர் புதிதாக உள்ளே போகிறது. அது 1000 டி.டி.எஸ். (லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கரைபொருள்) உள்ள போர் தண்ணீர் என்றால் (திருப்பூர்ப் பக்கம் அது அரிதல்ல) 200 கிராம் கரைபொருள் சேர்ந்துவிடும். அதில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், மீனுக்கு ஒரு துளி தீனி போடாமலேயே தொட்டியின் நைட்ரேட் 40 உயரும். நீர் மாற்றிக் குறைக்கலாம் என்றால், மாற்றும் நீரிலும் அதே நைட்ரேட்தான் இருக்கிறது.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இக்கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. அங்கே குளோரினை நீக்குவதே முதல் வேலை, ஆர்.ஓ.வுக்கு முன்னுள்ள கார்பன் வடிகட்டி அதைச் செய்துவிடும், ரெசினும் நெடுங்காலம் உழைக்கும். போர் தண்ணீரை நம்பியிருப்பவருக்கு ரெசின் செலவு கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறுவதும் உண்மையே. எங்கள் வீட்டில் அது கழிப்பறைக்குப் போகிறது.

வீட்டில் குடிநீருக்கு மாட்டிய ஆர்.ஓ. இயந்திரத்தையே பயன்படுத்துபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவைக்காகப் பச்சைத் தண்ணீரைச் சிறிது கலந்துவிடும் திருகு ஒன்று, டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்ற பெயரில், பல இயந்திரங்களில் மூடியைக் கழற்றினால் குழாயோரம் தெரியும். அதை மூடாமல் பிடித்த நீர், எத்தனை வடிகட்டி தாண்டி வந்திருந்தாலும், ஓரளவு போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டியும் மணல்மேல் பழுப்புப் பொடி (சிலிக்காவைக் கொண்டு வளரும் டயட்டம் என்னும் நுண்பாசி) படிந்துகொண்டே இருந்தால், தீர்ந்துவரும் ரெசினைக் கடந்து சிலிக்கா வருகிறதோ என்று ஐயப்படலாம். டி.டி.எஸ். மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. சிலிக்கா அதன் கண்ணில் பெரும்பாலும் படாது. புதுத் தொட்டியில் ஓரளவு பழுப்பு எப்படியும் வரும் என்பதால் முதல் மாதத்தில் பதற வேண்டியதில்லை.

உப்புக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் பிடிக்கும். வாரம் 20 லிட்டர் மாற்றினால் முக்கால் கிலோ. உப்பைத்தான் நீரில் போட வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெண்பொடியாகப் படிந்து வீணாகும். என் அனுபவம் மீன்கள் மட்டும் உள்ள நடுத்தரத் தொட்டியோடு நிற்கிறது. ஆயிரம் லிட்டருக்கு மேல் வைப்பவருக்கு உப்புச் செலவே பெரிதாகி, டேங்கரில் கடல்நீர் கொண்டுவருவது கட்டுப்படியாகலாம். அப்படி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மழையில்லாத மாதங்களில் மட்டும் எடுத்து, இருட்டறையில் வைத்துத் தெளியவிட்டு, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்த பிறகே ஊற்றுகிறார். ஆவியான நீரை ஈடுசெய்ய மட்டும் அவரும் ஆர்.ஓ.தான் வைத்திருக்கிறார்.