வெண்டன், டர்னியன்: திரும்புதலுக்கு இரு பழைய சொற்கள்

1066-க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'திரும்பு' என்பதற்கு இருந்த சொற்களில் இரண்டு: வெண்டன், டர்னியன்.

வெண்டன் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளை. முறுக்குதல், சுற்றுதல் என்ற பொருளுள்ள 'விண்டன்' வழி வந்தது. திரும்புதல் மட்டுமல்ல, திருப்புதல், போதல், மாறுதல், ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்தல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

டர்னியனோ பட்டறையிலிருந்து வந்த விருந்தாளி. லத்தீனில் 'டோர்னாரே' என்றால் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கடைவது. அதற்கும் மூலம் கிரேக்கம். பின்னாளில் பிரெஞ்சும் கைகொடுக்க, இன்றைய 'டர்ன்' ஆகிவிட்டது. நம்மூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் 'டர்னர்' படிப்பில் அந்தக் கடைசல் வாசனை இன்னும் போகவில்லை.

வென்றது எது? டர்ன்தான் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். 'கோ' (go, போ) என்ற வினைக்குப் பழைய இறந்தகாலம் 'ஏயொடெ'. அது வழக்கொழிய, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது 'வெண்ட்' (went), வெண்டனின் இறந்தகாலம். 'கோ'வுக்கும் 'வெண்ட்'டுக்கும் எழுத்தில் ஒட்டே இல்லையே என்று பள்ளியில் குழம்பினோமே, காரணம் இதுதான். தன் பெயரில் வெண்டன் இன்று அருகிவிட்டது. ஆனால் 'போனேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறோம்.