கெண்டைக்கால் வலிக்கு "ஒரே மாசத்துல ஓடலாம்" ஆபரேஷன்: செலக்‌ஷனுக்கு ஓடுற தம்பிகள் படிச்சிட்டுப் போங்க

எனக்கு மன்னார்குடி. போலீஸ் செலக்‌ஷனுக்காக 2019-ல தினமும் விடியக்காலையில ஹரித்ராநதி தெப்பக்குளத்துக் கரையைச் சுத்தி ஓடுவேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். முக்கால்வாசி ஓடுறதுக்குள்ள ரெண்டு கெண்டைக்காலும் கல்லு மாதிரி இறுகிடும். எலும்புக்கு உள்பக்கம் பிடிச்சு இழுக்கும், உள்ளங்கால் மதமதக்கும். படிக்கட்டுல கால் மணி நேரம் உக்காந்தா வலி வந்த சுவடே இருக்காது.

பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க டாக்டர் படுக்க வெச்சு அஞ்சு நிமிஷம் அமுக்கிப் பார்த்தார். ஓடிட்டு வரச் சொல்லல. உள்ளங்கால் மரக்குதான்னும் கேக்கல. "தசையைச் சுத்தி இருக்கிற உறை இறுக்கமா இருக்கு. கீறி விட்டா போதும், ஒரே மாசத்துல ஓடலாம்"னார். குறுவைக் காசும் அம்மா சங்கிலியும் போச்சு. மொத்தம் 1,40,000.

ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஓடாம இருந்தா யாருக்குத்தான் வலிக்கும்? ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே அதே இடத்துல அதே வலி. கூடவே புதுசா ஒண்ணு: வலது பாதத்துக்கு மேல தொட்டா துணி போர்த்தின மாதிரி இருக்கு. போன பொங்கலுக்கு வாங்கின செருப்பு, வார் உரசித் தோலை உரிச்சிருக்கு. தரையில ரத்தத்தைப் பார்த்து அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

திரும்பப் போனா, "நரம்பு கொஞ்சம் பட்டிருக்கும், போகப் போகச் சரியாகும்." அதுக்கும் 500 ரூபா ஃபீஸ்.

கடைசியா சென்னையில ஒரு ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரைப் பார்த்தேன். அவர்தான் விளக்கினார். முழங்காலுக்குக் கீழ தசை நாலு அறையா இருக்கு. ஓடும்போது அந்த அறைக்குள்ள அழுத்தம் அளவுக்கு மீறி ஏறி வலிக்கிறதுக்குப் பேர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். ஊசியைச் செருகி ஒவ்வொரு அறையிலயும் அழுத்தத்தை அளக்கணும். ஓடுறதுக்கு முன்னாடி 15, ஓடி ஒரு நிமிஷத்துல 30, அஞ்சு நிமிஷத்துல 20 மில்லிமீட்டர் மெர்க்குரி: இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாத்தான் இந்த நோய்னு சந்தேகப்படுறது வழக்கம். அதோட எலும்புல மயிரிழை முறிவு, முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் நெருக்கம் எதுவும் இல்லைன்னு பார்க்கணும். மயிரிழை முறிவு ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலே போகுமாம்.

என்னை ஓட விட்டு அளந்தார். ஏறினது பின்பக்கத்து ஆழமான அறை. எனக்குக் கீறினது முன்பக்கம்! "முன்பக்கம் அப்ப ஏறியிருந்ததான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதுப்பா"ன்னார். பின்பக்கத்தைக் கீறினாலும் முன்பக்கம் அளவுக்குப் பலன் வராதாம். கீறின உறை தழும்பாகி மறுபடி இறுகிக்கிறதும் உண்டாம். இப்ப எனக்கு ஓடுற முறையை மாத்துற பயிற்சிதான். அடியைச் சின்னதா வெச்சு.

ஆபரேஷனே ஏமாத்துன்னு நான் சொல்லல. அளக்காம கீறினதைத்தான் சொல்றேன்.

கீறின ஆஸ்பத்திரியில ஆபரேஷன் குறிப்பு நகல் கேட்டு மனு குடுத்து மூணு மாசமாச்சு. போன வாரமும் போனேன். "சார் வந்ததும் தர்றோம்"னாங்க. சார் உள்ளதான் இருந்தார், கார் வாசல்ல நின்னுச்சு.