பக்சா கோட்டை நடைபயணம்: கைடு நல்லவர், கதை மட்டும் பாதி

மேற்கு வங்காளத்தின் அலிப்பூர்துவாரில் ஒரு டூர் ஏஜென்சி மூலம், பூட்டான் எல்லையோர மலையிலுள்ள பக்சா கோட்டைக்குப் போய்வந்தோம். ஏற்பாட்டில் குறை இல்லை. வண்டி நேரத்துக்கு வந்தது, வனத்துறை அனுமதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள், அடிவாரத்துச் சாந்தலாபாரியிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் கைடு பொறுமையாக நின்றார்.

கோட்டைக்குள் போனதும்தான் ஏமாற்றம். அவர் கதை 1930களில் ஆரம்பிக்கிறது: ஆங்கிலேயர் போராளிகளை அடைத்துவைத்த சிறை, கைதிகள் தாகூருக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, அவர் எழுதிய பதில், அதைப் பொறித்த கல். நன்றாகவே சொல்கிறார். அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்டால், "பூட்டான் ராஜாகிட்ட இருந்து பிரிட்டிஷ்காரன் பிடிச்சான்", அவ்வளவுதான். பூட்டானுக்கு முதல் மன்னர் வந்ததே 1907இல்!

இந்த இடத்துக்கே அர்த்தம் கொடுப்பது பூட்டானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த 1864-65 துவார் போர். மலைநாடான பூட்டானுக்கு நெல்லிலும் வரியிலும் பெரும்பங்கு துவார்கள் எனப்படும் அடிவாரச் சமவெளியிலிருந்து வந்தது. அசாம் பக்கத்துத் துவார்களை 1841லேயே எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர், தங்கள் அதிகாரி ஆஷ்லி ஈடன் பூட்டானுக்குத் தூது போய் அவமானப்பட்டுத் திரும்பியதைக் காரணமாகக் காட்டி வங்காளப் பக்கமும் படை அனுப்பினார்கள். அசாம் பக்கத்து மலையடிவாரத் தேவன்கிரியில் பூட்டான் தலைவர் ஜிக்மே நம்கியாலின் ஆட்கள் ஆங்கிலேயரை ஓடவைத்து இரண்டு பீரங்கிகளையும் பிடித்தது உண்மைதான், ஆனால் 1865 நவம்பரில் இதே பக்கத்தில் சிஞ்சுலாவில் ஒப்பந்தம் போட்டபோது பூட்டான் அந்த பீரங்கிகளையும் திருப்பித் தரவேண்டியிருந்தது, துவார்கள் மொத்தமும் போயின. பதிலுக்கு ஆண்டு மானியம், 25,000 ரூபாயில் தொடங்கி 50,000 வரை, பூட்டான் ஒப்பந்தத்தை மீறினாலோ தவறாக நடந்தாலோ அதையும் ஆங்கிலேயர் நிறுத்தலாம். சொந்த நிலத்தில் வசூலித்தவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலை. போரில் தோற்றும் ஜிக்மே நம்கியாலின் செல்வாக்கு குறையவில்லை, பின்னால் முதல் மன்னரானது அவர் மகன் உக்யென் வாங்சுக்தான். தேவன்கிரிப் பகுதியில் 32 சதுர மைல் 1949இல், சுதந்திர இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

இதில் ஒரு வரிகூட கைடு சொல்லவில்லை. அப்புறம் லெப்சாகா கிராமம் வரை ஏறினோம், கீழே ஆறுகள் பிரிந்து ஓடும் பச்சைச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. எதை இழந்தார்கள் என்று அங்கே நின்றால் நன்றாகவே புரிகிறது. அதனால் கோட்டையோடு திரும்பும் பேக்கேஜ் வேண்டாம், லெப்சாகா சேர்ந்ததை எடுங்கள். போரைப் பற்றி வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை காடு பயணிகளுக்கு மூடியிருக்கும், அதைப் பார்த்து புக் செய்யுங்கள்.

ஏற்பாட்டுக்கு நாலு ஸ்டார், கதைக்கு இரண்டு.