திருக்கை முள் ஏறாத சப்பாத்து என்று 9,500 ரூபா கொடுத்தேன்

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி, பாலமீன்மடுப் பக்கம் கரையில் நின்று தூண்டில் போடுகிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். வள்ளக்காரருக்கும் கரைவலைக்காரருக்கும் இதில் ஒன்றுமில்லை, அவர்களை இப்படி ஏமாற்ற ஏலாது. சனி ஞாயிறில் றொட்டும் றீலும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள் இறங்குகிற என்னைப் போன்ற ஒபிஸ்காரர்தான் இந்த வகைக் கடைக்கு வாய்த்த பாரைக்குட்டி.

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். டவுனுக்குள்தான் இருக்கிறது. இதற்கு மேல் தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

சித்திரை கழிந்து கச்சான் காற்று எடுத்துவிட்டால் எனக்கு வீட்டில் இருக்க ஏலாது. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று அது. விடியக்காலையில் கடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் கிட்டப் போகவே பயப்படுகிற இடத்திலெல்லாம் இறங்கி நிற்கலாம், காற்று முதுகில் இருப்பதால் ஈயமும் கூடுதல் தூரம் போகும். ஆனால் முகத்துவாரப் பக்கம் அடி முழுக்க மணல் இல்லை. சிப்பி, உடைந்த போத்தல், அறுந்த வலை, எவனோ விட்டுப்போன தூண்டில் முள் எல்லாம் கிடக்கும். போன வருசம் போத்தல் ஓடு குதிக்காலைக் கிழித்தது. அதனால்தான் இந்த முறை முறையாக ஒரு சப்பாத்து வாங்குவோம் என்று போனேன்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது நெஞ்சு மட்டும் வருகிற றப்பர் களிசான். காலுறையும் சப்பாத்தும் சேர்ந்தே ஒட்டியது. "வெள்ளைக்காரன் இதப் போட்டுத்தான் தம்பி இறங்குவான், ஒரு சொட்டுத் தண்ணி படாது" என்றார். அது குளிர்நாட்டு ஆற்றுக்குச் சரி. நம்முடைய கடல் தண்ணி 28, 29 பாகையில் கிடக்கிறது, நனைவதுதான் சுகம். றப்பருக்குள் நின்றால் வியர்வையிலேயே நனைந்துவிடுவோம். அதைவிட, ஒரு அலை நெஞ்சுக்கு மேலால் வந்து உள்ளே தண்ணி நிறைந்துவிட்டால் காலைத் தூக்கி வைக்க ஏலாது. அதை வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அந்தப் புத்தி அடுத்த அலுமாரிக்குப் போகிறவரைக்கும் தாக்குப்பிடிக்கவில்லை.

"அப்ப இதப் பாருங்க. நியோபிரீன். பவளப்பாறையில நடக்கிற ஆக்கள் போடுறது. கண்ணாடி ஏறாது, திருக்கை முள்ளு ஏறாது. ரெண்டு வருசத்துக்கு அசைக்க ஏலாது."

கணுக்காலுக்கு மேலே வருகிற கறுப்புப் பூட்ஸ். நியோபிரீன் என்பது பஞ்சு மாதிரியான ஒரு றப்பர். பக்கத்தில் சிப். அடி தடிப்பாக, பார்க்க நல்ல வடிவு. 9,500 ரூபா. அதோடு "உடனே காய்கிற நைலோன்" களிசான் 4,800, "யூபிஎஃப் 50 வெயில் சேட்" 4,200. மொத்தம் 18,500. பில் கேட்டேன். "பில் என்னத்துக்குத் தம்பி, நாங்க இஞ்சதானே இருக்கம்" என்றார். மறுகாவும் கேட்ட பிறகு ஒரு துண்டில் எழுதிச் சீல் குத்தித் தந்தார். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

முதல்நாள் கல்லடியில் முழங்கால் மட்டும் நின்றேன். பிழை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் மணல் உள்ளே போனது, கழற்றும்போது சிப் முரண்டு பிடித்தது. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில் கழுவாமல் பையோடு ஒரு கிழமை போட்டுவைத்தேன். இது என் பிழைதான், ஒளிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மச்சானோடு பாலமீன்மடுவுக்குப் போனேன். வெளிச்சவீட்டுக்கு அங்கால் இறங்கி முகத்துவாரத்தை நோக்கி நடந்தோம். கையளவு பாரை இரண்டு ஏறின. மூன்றாவது இழுவை பெரிது. தங்கூசி பக்கவாட்டில் ஓட, நானும் அதோடு பக்கவாட்டில் நடந்தேன். நாலைந்து எட்டு வைத்திருப்பேன், வலது குதிக்கால் திடீரென்று லேசானது. என்னவென்று பார்ப்பதற்குள் ஒரு அலை முழங்காலுக்குப் பின்னால் தட்டியது. அடுத்த எட்டை வைத்த இடத்தில் சிப்பி. முதலில் குளிர்ச்சி மாதிரித்தான் தெரிந்தது, வலி பிறகு வந்தது.

மீனும் போனது. றொட்டை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கரைக்கு வரப் பார்த்தால் களிசான் இழுக்கிறது. உடனே காய்கிற துணி என்றார்களே, அது இடுப்பை விட்டு இறங்கி முழங்காலைக் கட்டிப்போட்டது. இரண்டு பக்கப் பைக்குள்ளும் மணல், வடிந்து போக ஒரு ஓட்டை இல்லை. ஒரு கையால் களிசானைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திக் கரைக்கு வந்தேன். சிரிக்கிற ஆக்கள் சிரிக்கலாம், மச்சானும் சிரித்தான், தண்ணி சிவந்து கிடந்ததைக் காணும்வரைக்கும்.

சப்பாத்தின் அடி, வாளை மீன் வாயைத் திறந்த மாதிரி குதியிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் பிளந்து தொங்கியது. கழற்றுவோம் என்றால் சிப் அசையவில்லை. பல்லுக்குள் உப்பும் மணலும் இறுகி, இழுக்கிற துண்டு பச்சை பூத்துக் கிடந்தது. கடைசியில் இரை வெட்டுகிற கத்தியால் மச்சான் அறுத்தான். பெரியாஸ்பத்திரியில் நாலு தையல், ஏற்பு ஊசி ஒன்று. கடல் தண்ணியில் வெட்டின காயம் என்றதும் தைக்கிறதுக்கு முதல் நல்ல நேரம் விட்டுக் கழுவினார்கள். அந்தக் கழுவல்தான் தையலை விட நொந்தது.

இரண்டு கிழமை காலை நீட்டிக்கொண்டு இருந்தபோதுதான் சாமான்களை ஆறுதலாகப் பார்த்தேன்.

சப்பாத்தின் அடியில் மணிக்கூட்டு முகம் போல ஒரு சின்ன வட்டம் வார்த்திருந்தது. சுற்றிவர 1 முதல் 12 வரை, நடுவில் 16, அம்பு 9ஐக் காட்டுகிறது. அச்சில் வார்த்த அடிகள் பலவற்றில் இந்த வட்டம் இருக்கும், வார்த்த மாதமும் வருசமும் அதுதான். அதாவது 2016 புரட்டாதி வாக்கில் செய்த சாமான். அடியின் வெளித்தோல் றப்பர், அதற்கும் துணிக்கும் நடுவில் மெத்து மெத்தென்று இருந்தது பொலியூரித்தேன். இந்தப் பொலியூரித்தேன் ஈரக்காற்றிலேயே வருசக்கணக்கில் உள்ளுக்குள் முறிந்துகொண்டு போகும். போட்டு நடந்தாலும் சரி, பெட்டிக்குள் பூட்டிவைத்தாலும் சரி, அதற்குக் கணக்கில்லை. நம்முடைய ஊர்ப் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம். வெளிப்பார்வைக்குப் புதுச் சப்பாத்து, நடு மட்டும் தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க். விரலால் கிள்ளினேன், உதிர்ந்தது. மற்றக் காலிலும் அப்படியே. நான் ஒரு கிழமை கழுவாமல் போட்டதில் சிப் இறுகியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அடி மாவாகப் போனது அதனால் இல்லை.

களிசானின் உள்பக்க லேபலில் நைலோன் என்று இருந்தது. தையல் கொஞ்சம் கோணல். அறுத்துப் பார்த்தேன், அதற்குக் கீழே இன்னொரு லேபல்: பருத்தி 100 வீதம். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். நைலோனும் பொலியெஸ்டரும் உருகிச் சின்ன முத்தாகச் சுருளும். இது கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகப் போனது. பருத்தி நல்ல துணிதான், மருதமுனைச் சாறனைக் கட்டிக்கொண்டு திண்ணையில் இருக்க அதைப் போல வராது. அலைக்குள் நிற்க அது உதவாது, குடித்த தண்ணியை விடாது.

சேட்டைப் பற்றி அதிகம் இல்லை. யூபிஎஃப் 50 என்றால் வெயிலின் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்ட வேண்டும். என்னுடைய சேட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எதிர்வீட்டு முருங்கை மரம் தெரிகிறது. தோள் இரண்டும் உரிந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

நடக்க ஏலும் என்றதும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இதென்ன தம்பி, உப்புத் தண்ணிக்குள்ள போட்டீங்களா?"

"அண்ணன், கடலுக்கு இறங்கத்தானே வாங்கினது. நீங்கதானே சொன்னீங்க."

"கடல் எண்டா கரையில நடக்க. உள்ளுக்கு இறங்கினா எந்தச் சப்பாத்தும் இப்பிடித்தான் போகும். நீங்க கத்தியால வேற அறுத்து வெச்சிருக்கீங்க, கம்பனிக்கு நான் என்னெண்டு அனுப்புற?"

2016 வட்டத்தைக் காட்டினேன். அது சைஸ் நம்பராம். லேபலுக்குக் கீழே லேபலைக் காட்டினேன். அது தனக்கு வருகிறபோதே அப்படியாம். கடைசியில் பாதி விலைக்கு இன்னொரு சோடி தாறன் என்றார். அதையும் திருப்பிப் பார்த்தேன், நடுவில் அதே 16.

காசை விட என்னை உறுத்துவது அந்தத் திருக்கைப் பேச்சு. சப்பாத்துப் பிய்ந்தால் கால் வெட்டும், தைக்கலாம். திருக்கை முள் ஏறாது என்று நம்பி ஒருவன் தைரியமாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தால் என்ன ஆகும்? திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மேலே மிதித்தால் வாலைச் சுழற்றும். அதன் முள் அரிவாள் பல்லுப் போல இருபக்கமும் வெட்டுள்ளது, நஞ்சும் உண்டு. பெரும்பாலும் படுவது பாதத்தின் மேற்புறத்திலோ கணுக்காலிலோ, சில நேரம் அதற்கும் மேலே. சப்பாத்தின் அடி எவ்வளவு தடித்தாலும் அந்த இடத்தில் இருப்பது நியோபிரீன்தான், அது பஞ்சு மாதிரி. முள்ளுக்கு அது ஒரு பொருட்டில்லை. காலைத் தூக்காமல் மணலை உரசி உரசி இழுத்து நடந்தால் அதிர்வு தெரிந்து அது தானாக விலகிப் போகும். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

தப்பித் தவறிப் பட்டால், பொறுக்கக் கூடிய அளவு சூடான தண்ணிக்குள், 45 பாகைக்கு மேலே போகாமல், காலை வைக்க வேண்டும். அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை. சூட்டில் வலி இறங்கும். நொந்த கால் சூட்டைச் சரியாகச் சொல்லாது, ஆகவே தண்ணியை நல்ல காலிலோ கையிலோ முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி, முள் உள்ளே முறிந்திருக்கலாம். கெளிறு, ஓரா மீன் முள் குத்தினாலும் இதே சுடுதண்ணிதான். எங்கள் வீட்டுப் பக்கத்து மாமா மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார். மனிசன் கடலைப் பற்றி எது சொன்னாலும் கேட்பேன், இதை மட்டும் கேட்கமாட்டேன்.

இப்போது நான் போடுவது கணுக்கால் மூடுகிற கன்வஸ் சப்பாத்து. சாதாரணச் சப்பாத்துக் கடையில் வாங்கினது. அடி முழு றப்பர், மெத்தை நடு இல்லை, சுற்றிவரத் தையல் போட்டது. சிப் இல்லை, கயிறு. கயிறு சிக்கினால் அறுத்துவிட்டு 100 ரூபாவுக்குள் இன்னொன்று போடலாம். தடித்த சொக்ஸோடு போட்டுப் பார்த்து அளவு எடுத்தேன், இல்லாவிட்டால் மணல் உள்ளே போய்த் தோலை உரிக்கும். உள்பாதப் பக்கம் பழுக்கக் காய்ச்சின ஆணியால் நாலு துளை, தண்ணி வடிந்துவிடும். பாசி பிடித்த கல்லில் இது வழுக்கும், ஆகவே கல்லில் ஏறுவதில்லை. றப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், இரண்டாவது அலையிலேயே மணல் அதை உறிஞ்சி எடுத்துவிடும். கல்லடியில் சுத்தமான மணலில் நிற்கிறவர் வெறுங்காலோடு நின்றால் நான் பிழை சொல்லமாட்டேன், அடி எங்கே சரிகிறது என்று வெறுங்காலுக்குத்தான் முதலில் தெரியும். அந்தக் கரை திடீரென்று ஆழமாகும், பாசிக்குடாவைப் போல நடந்துகொண்டே போக ஏலாது.

களிசானுக்குப் பதில், விளையாட்டுக்குப் போடுகிற பொலியெஸ்டர் நீளக் காற்சட்டை, கணுக்காலில் ஒடுங்கினது. சொறிமுட்டை வருகிற நாளில் அந்த நீளம் உதவுகிறது. மேலுக்குப் பழைய கிரிக்கெட் ஜேர்சி, நீளக் கை, கடும் நீலம், வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் வைத்தே செய்யக் கூடியது: அடியை நன்றாக மடித்துப் பாருங்கள், ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள், அந்த வட்டத்தைத் தேடுங்கள். பிசுபிசுத்தால், வெடித்தால், பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நூல் எரித்துப் பார்க்க விடமாட்டார்கள், அது வீட்டு வேலை. பில்லைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் பத்தாவது கிழமையில்தான் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் அதுவும் போயிருக்கும். பில்லின் பிரதி, இரண்டு லேபலின் படம், அந்த 16 வட்டத்தின் படம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் இணைத்தேன். சப்பாத்துச் சோடியைக் கழுவாமல் பையில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட. வீட்டில் நாற்றம் என்கிறார்கள். நேற்று அந்தக் கடைக்கு முன்னால் போகும்போது பார்த்தேன், கண்ணாடிக்குள் அதே கறுப்புப் பூட்ஸ் தொங்குகிறது, விலை 8,900.