பியாங்காவில் வெண்பொருள் திட்டுகளை அளத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வயதானவர்களின் மூளையை ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ முறையில் எடுத்த படத்தில் வென்ட்ரிக்கிள்களை (மூளையின் நீர் அறைகளை) ஒட்டியும் ஆழத்திலும் பளிச்சென்று தெரியும் வெண்பொருள் திட்டுகளின் கன அளவைக் கணக்கிடும் கருவி பியாங்கா. ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல் என்ற மூளைப்பட ஆய்வு மென்பொருள் தொகுப்போடு வருகிறது. இதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2016இல் வந்தது. யூகே பயோபேங்க் என்ற பெரிய பிரிட்டிஷ் சுகாதார ஆய்வின் திட்டு அளவுகளும் இதில்தான் கணக்கிடப்பட்டன. நல்ல கருவிதான். ஆனால் உங்கள் ஸ்கேனரில் எடுத்த படங்கள்மேல் கையால் வரைந்த மாஸ்க் (திட்டு இருக்குமிடம் 1, மற்றது 0 என்று குறித்த படம்) இல்லையென்றால் இதை எடுக்காதீர்கள்.

காரணம் இது வேலை செய்யும் முறை. ஒவ்வொரு வாக்ஸலின் (முப்பரிமாணப் படத்தின் சிறு கட்டத்தின்) ஒளிர்வையும் இருப்பிடத்தையும், மாஸ்க் உள்ள படங்களிலிருந்து எடுத்த பயிற்சி வாக்ஸல்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியவற்றில் எத்தனை திட்டைச் சேர்ந்தவை என்று பார்த்து 0 முதல் 1 வரை ஒரு நிகழ்தகவு தருகிறது. வேறொரு ஸ்கேனரின் பயிற்சித் தரவைக் கொடுத்தால் ஒளிர்வு ஒப்பீடே பிசகிவிடும். பயிற்சிக்கு இருபது பேர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டு குறைவானவர்களும் மிகுந்தவர்களும் கலந்திருக்க வேண்டும். மிகுந்தவர்களை மட்டும் சேர்த்தால், ஆரோக்கியமான மூளையிலும் திட்டு இருப்பதாகச் சொல்லும். வென்ட்ரிக்கிள் ஓரத்து மெல்லிய கோட்டைச் சேர்ப்பதா விடுவதா என்பதை மாஸ்க் வரையத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். இருவர் வரைந்தால் அதிகம் வேறுபடுவது அங்கேதான்.

ஃப்ளேரை அடிப்படைப் படமாக வைத்து, மண்டையோட்டை நீக்கி, ஒளிர்வுச் சாய்வைத் திருத்தி, டி1 படத்தை (அதே நபரின் இன்னொரு வகை எம்ஆர்ஐ படம்) ஆறு சுதந்திர அளவில், அதாவது நகர்த்தியும் சுழற்றியும் மட்டும், அதன்மேல் பொருத்துங்கள். ஃப்ளேரிலிருந்து எம்என்ஐ வெளிக்கு (பொதுவான மாதிரி மூளையின் ஆயத்தளத்துக்கு) மாற்றும் மேட்ரிக்ஸையும் கொடுக்க வேண்டும். இருப்பிடத் தகவல் அதிலிருந்துதான் கிடைக்கிறது. மூளை சுருங்கி வென்ட்ரிக்கிள் பெருத்தவர்களிடம் இந்தப் பொருத்தம் அடிக்கடி நழுவும், ஒவ்வொருவருடையதையும் கண்ணால் பாருங்கள். மாஸ்க்கை வேறு வெளிக்கு மாற்றும்போது அருகண்மை இடைக்கணிப்பு (மிக அருகில் உள்ள வாக்ஸலின் மதிப்பை அப்படியே எடுப்பது) போடாவிட்டால் 0, 1 என்றிருந்தது பின்னங்களாகிவிடும். பயிற்சிக்குத் திட்டிலிருந்து 2000 புள்ளி, மற்றதிலிருந்து 10000 புள்ளி, திட்டின் விளிம்பை ஒட்டிய வாக்ஸல்களைத் தவிர்க்கும் தெரிவு: இந்த அமைப்பு எங்களுக்கு நிலையாக உழைத்திருக்கிறது. பயிற்சியைச் சேமித்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்பிக்க வேண்டாம்.

எந்த நிகழ்தகவுக்கு மேல் திட்டு என்று கொள்வது என்ற வெட்டு அளவுக்கு 0.9 நல்ல தொடக்கம். ஆனால் அதை உங்கள் மாஸ்க்குகளோடு சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பயிற்சிப் பட்டியலில் உள்ள ஒருவரையே சோதிக்கும்போது அவரைத் தானாகவே விலக்கிவிட்டுக் கற்றுக்கொள்கிறது, பெரிய வசதி.

தவறுகள் வரும் இடங்கள் ஏறக்குறைய நிரந்தரமானவை: செப்டம் பெல்லூசிடம் (வென்ட்ரிக்கிள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர்), கோராய்டு பிளெக்ஸஸ் (வென்ட்ரிக்கிள்களுக்குள் உள்ள நீர் சுரக்கும் திசு), மூளைத்தண்டுவட நீர் ஓட்டத்தால் வரும் பொய் வெளிச்சம், இன்சுலாப் புறணி. தொகுப்பிலேயே உள்ள, தேட வேண்டிய பகுதியை வரையறுக்கும் மாஸ்க் ஸ்கிரிப்ட் புறணியையும் தலாமஸ், சிறுமூளை, மூளைத்தண்டு போன்றவற்றையும் வெட்டிவிடுவதால் இவற்றில் பெரும்பகுதி போய்விடும். கூடவே அங்குள்ள உண்மையான திட்டுகளும் போய்விடும், அதை அறிக்கையில் சொல்லுங்கள். பழைய பக்கவாதத் தழும்பின் விளிம்பு எந்த ஸ்கிரிப்டுக்கும் அகப்படாது. கையால்தான் நீக்க வேண்டும்.

எல்லாப் படங்களையும் திறந்து பார்க்க நேரமில்லையென்றால், கதிரியக்க மருத்துவர் கொடுத்த ஃபசேகாஸ் மதிப்பெண்ணுக்கு (திட்டின் மிகுதியைக் கண்ணால் பார்த்து 0 முதல் 3 வரை தருவது) எதிரே கன அளவை வரைந்து பாருங்கள். மதிப்பெண் 1, அளவு 20 மில்லிலிட்டர் என்று தனியே நிற்கும் புள்ளிகளை முதலில் திறந்தால் கோளாறுகளில் பெரும்பாலானவை அகப்படும்.

கிடைத்த அளவைத் தலையளவால் (மண்டையோட்டின் உட்கன அளவால்) வகுக்காமல் ஒப்பிடாதீர்கள். 6 மில்லிலிட்டர் என்பது 1500 மில்லிலிட்டர் மண்டைக்கு 0.4 விழுக்காடு, 1200க்கு 0.5. பெரும்பாலோருக்குக் குறைவாகவும் சிலருக்கு மிக அதிகமாகவும் இருப்பதால், புள்ளியியலுக்கு முன் மடக்கை எடுப்பது வழக்கம். வென்ட்ரிக்கிளிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் இருப்பதையும் ஆழத்தில் இருப்பதையும் பிரித்துத் தரும் ஸ்கிரிப்டும் இருக்கிறது.

பல பேரை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதில் இதை நம்பலாம். ஒரே நபரிடம் ஓராண்டு மாற்றத்தை அளக்க நம்பத் தயங்குவோம். 1×1×3 மில்லிமீட்டர் வாக்ஸலில் மூன்று வாக்ஸல் கொண்ட சிறு திட்டு வெறும் 9 கன மில்லிமீட்டர். தலை சற்றே சாய்ந்து படுத்தாலே அது தோன்றும், மறையும். இடையில் ஸ்கேனர் மென்பொருளோ தலையைச் சுற்றி வைக்கும் சமிக்ஞை வாங்கும் சுருளோ (ஹெட் காயில்) மாறியிருந்தால், முன்பின் படங்களின் வேறுபாட்டை நோயின் வளர்ச்சி என்று எழுதாதீர்கள்.

கல்வி, ஆய்வுப் பணிக்கு இலவசம். வணிக நோக்கில் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும்.