பேரிங்கைத் திருப்பிப் பார்க்காமல் இன்ஜினை மூட விடாதீர்கள்

நிறைய ஓடிய லாரி இன்ஜினை இறக்கி முழு வேலை பார்க்க நினைப்பவர்கள், பட்டறையில் வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் வண்டி 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஏற்றத்தில் இழுவை விழுந்துவிட்டது, இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் விடாமல் புகை, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்ற வேண்டிய நிலை. வண்டியை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதனால், பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றி ஒப்பேற்ற வேண்டாம், பிஸ்டன் தள்ளச் சுழலும் பெரிய தண்டான கிராங்க் வரை வெளியே எடுத்து அளந்து செய்யுங்கள் என்று தெளிவாகச் சொல்லித்தான் விட்டேன். சரி என்றார்கள்.

வேலை முடிந்து பில் வந்தது. கிராங்க் கிரைண்டிங் (தேய்ந்த கிராங்கைக் கடைவது), கடைந்த அளவுக்கு ஏற்ற 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் மெயின் பேரிங் (கிராங்கைத் தாங்கும் உலோக ஓடு), அதே அளவில் ராடு பேரிங் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் அடியில் இருப்பது), புது லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன், டீசல் பீய்ச்சும் நாசில் டெஸ்ட், ஹெட் பிரஷர் டெஸ்ட் என்று எல்லாம் இருந்தது. இன்ஜினுக்குப் புதுப் பெயிண்ட் வேறு. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது என் முன்னால் ஸ்டார்ட் செய்தார்கள். ஆயில் பிரஷர் முள் சட்டென்று மேலே ஏறி நின்றது. "பாருங்க சார், புது வண்டி பிரஷர்" என்றார் மேஸ்திரி. நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஓட்டி வந்தேன்.

குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். பேரிங் தேய்ந்த இன்ஜினில்கூடக் காலையில் பிரஷர் நன்றாகவே காட்டும். லோடோடு நெடுந்தூரம் ஓடி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, முள் எங்கே நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைப் பார்க்காமல் வண்டியை எடுத்தது என் தவறு.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயமும் தப்பு. "ரிங் செட் ஆகணும், ஒரு நாள் பூரா ஐடில்ல விடுங்க" என்றார்கள். நானும் விட்டேன். ரிங்கை லைனர் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். ஐடிலில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. லைனர் சுவரில் கீறியிருக்கும் ஹோனிங் கோடுகளின் மேல் ரிங் சரியாகப் பதியாமல், சுவர் வழவழப்பாகி, அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். புதிதாகக் கட்டிய டீசல் இன்ஜினைச் சூடாக்கி, கசிவு பார்த்துவிட்டு, சீக்கிரமே மிதமான லோடில் ஓட்ட வேண்டும்.

முதல் ஆயில் மாற்றும்போது கம்பெனி சொல்லும் 15டபிள்யூ-40 ஊற்றினேன். அன்றைக்கே, சூடான பிறகு ஐடிலில் முள் கீழே விழுந்தது. பட்டறைக்குப் போன் செய்தால் "சென்சார் கோளாறு சார், மாத்திடுங்க" என்றார்கள். மாற்றினேன். மாறவில்லை. அவர்கள் முதலில் ஊற்றியிருந்தது அதைவிடக் கெட்டியான ஆயில் என்பதும், அதற்கான காரணமும் பிறகுதான் புரிந்தது.

வேலை முடிந்து 14,000 கிலோமீட்டர் ஓடியபோது, ஒரு ஏற்றத்தில், கீழிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் கூடியது, விட்டால் குறைந்தது. உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்திருக்கும்.

வேறொரு மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போனேன். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி மூன்றாவது ராடு கேப்பைக் கழற்றினார். பேரிங்கின் மேல்பூச்சு போய், உள்ளே இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. அதைத் துடைத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தவர், "அண்ணே, பில்லை எடுங்க" என்றார். பில்லில் 0.25 அண்டர்சைஸ். பேரிங்கின் முதுகில் பொறித்திருந்தது 'எஸ்டிடி', அதாவது ஸ்டாண்டர்டு. எல்லா ராடு பேரிங்குகளையும் கழற்றினோம். எல்லாமே அதேதான்.

கிராங்கில் பேரிங் உட்காரும் இடமான ஜர்னலை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தால், அந்தக் குறைவை ஈடுகட்டும் அளவுக்குத் தடிமனான பேரிங் போட வேண்டும். கடைந்த கிராங்கில் ஸ்டாண்டர்டு பேரிங் போட்டால் முதல் நாளே தட்டும். ஆக, என் கிராங்க் கிரைண்டிங்குக்குப் போகவே இல்லை. எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிரைண்டிங் கூலியை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஜர்னல் வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் ஒரு அளவு, தொண்ணூறு டிகிரி திருப்பினால் வேறு அளவு. பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அது கூடிவிட்டால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து ஓடும், சூட்டில் பிரஷர் நிற்காது. அதை மறைக்கத்தான் கெட்டி ஆயில்.

நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன், லைனரும் பிஸ்டனும் புதியவைதான், நல்ல கம்பெனிச் சரக்குதான். ஆனால் லைனரின் தலை பிளாக் மட்டத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று யாரும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. ஒன்று தாழ்ந்திருந்தது. அந்த இடத்தில் ஹெட் கேஸ்கட் கறுக்க ஆரம்பித்திருந்தது. டெஸ்ட் செய்ததாக எழுதிய நாசில்களில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

பேரிங்கையும் பில்லையும் எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். ஓவர்லோடு என்றார்கள். அப்புறம், ஆயில் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார்கள். நான் ஆயில் ஊற்றிய நாள், அளவு எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், காட்டினேன். கடைசியில், "வெளியில பிரிச்ச இன்ஜினுக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்று முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், பிரிக்கும் முன் அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஆளையும் வரச் சொல்லி, வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

இரண்டாவது முறை நான் கூடவே நின்றேன். கிராங்கைக் காந்த முறையில் விரிசல் டெஸ்ட் செய்தோம். கடையும்போது ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவு போய்விடாமல் பார்த்தோம், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆயில் துளைகளின் பிளக்கைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவினோம். ராடு போல்ட் எல்லாம் புதிது. ஆயில் கூலரைக் கழுவிப் போடலாமா என்று கேட்டேன். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. உடைந்த பேரிங்கின் பொடி உள்ளே தங்கியிருந்தால் புது பேரிங்கைத்தான் முதலில் தின்னும் என்றார். அதுவும் புதிதாக வாங்கினேன். ஒவ்வொரு ஜர்னலின் அளவையும் அவர் கைப்பட எழுதித் தந்தார். ஸ்டார்ட் செய்யும் முன் வெளியிலிருந்து பிரஷர் கொடுத்து ஆயிலை எல்லா வழியிலும் ஏற்றினோம்.

உங்கள் இன்ஜின் பிரிந்து கிடக்கும்போது, கடைந்து வந்த கிராங்கை உங்கள் எதிரில் அளக்கச் சொல்லுங்கள். பேரிங் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், பேரிங்கையே திருப்பி அதன் முதுகைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற பட்டறையிலிருந்து இன்ஜினைப் பிரித்த நிலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், நஷ்டம் அதோடு போகும்.

போன வாரம் எனக்குத் தெரிந்த ஒருவர் அதே முதல் பட்டறையில் வண்டியை விட்டிருப்பதாகச் சொன்னார். இன்ஜின் இறக்கியாகிவிட்டதாம், கிராங்க் இன்னும் போடவில்லையாம். என் வண்டியிலிருந்து கழற்றிய பேரிங்கை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.